பாதியில திரும்பிப் போன மாற்கும் சுவிசேஷம் எழுதின மாற்கும் ஒரே ஆளா?

நெல்லை_சண்டேஸ்கூல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க சர்ச்ல சண்டே ஸ்கூல் பெரிய பிள்ளைங்க கிளாஸ் எடுக்கேன், எட்டாவதுலருந்து பத்தாவது வரைக்கும். இந்த மாசம் எங்களுக்கு மாற்கு சுவிசேஷம். போன வாரம் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரல, அதான் இங்க வந்து கேக்கேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 13ம் அதிகாரத்துல பவுலும் பர்னபாவும் கூட்டிட்டுப் போன மாற்கு என்ற யோவான், பெர்கே ஊர்ல வச்சி அவங்கள விட்டுட்டு எருசலேமுக்கு திரும்பிப் போயிட்டாரு. 15ல பர்னபா மறுபடியும் அவர கூட்டிட்டுப் போவோம்ங்காரு, பவுல் ஒரேயடியா முடியாதுங்காரு, அந்த ஒரு காரியத்துக்காக ரெண்டு பெரிய ஊழியக்காரங்க கோவப்பட்டு பிரிஞ்சே போயிடுறாங்க. இத வாசிச்சிட்டு அந்தப் பையன் கேக்கான், "டீச்சர் அந்த மாற்குதான் இந்த புஸ்தகம் எழுதினாரா, பாதில வந்துட்டவர் எழுதினத எப்படி பைபிள்ல சேத்தாங்க?"

ஆமாப்பா ஒரே ஆள்தான்னு சொல்லி கிளாஸ முடிச்சிட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா எனக்கே எதுவும் உறுதியா தெரியல. பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தார்ங்காங்க, எகிப்துல சபைய ஆரம்பிச்சார்ங்காங்க, வெனிஸ்ல அவர் கல்லறை இருக்குன்னு ஒருத்தர் சொல்லுதார், சிங்கத்த வேற போட்டு படம் வரையிறாங்க. இதுல வேதத்துல உள்ளது எது, பழைய சபைக்காரங்க எழுதி வச்சது எது, பிற்பாடு சேர்ந்த கதை எது? தெரிஞ்சவங்க பிரிச்சி சொன்னா பெரிய உதவியா இருக்கும். அந்தப் பையனுக்கு மேலோட்டமா ஒரு பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

---

பழைய_வாத்தியார்

நல்ல கேள்வி கேட்ருக்கான் அம்மா உங்க மாணவன். வேதத்துல உள்ளத மட்டும் நான் வரிசையா சொல்றேன், மத்தத மத்தவங்க சொல்லட்டும்.

மாற்கு முதல்ல நமக்கு அறிமுகமாறதே ஒரு வீட்டு வழியாத்தான், அவர் ஆளா வரல. அப்போஸ்தலர் 12, ஏரோது ராஜா யாக்கோபைக் கொன்னுட்டு பேதுருவ ஜெயில்ல போட்டிருக்கான், தூதன் வந்து ராத்திரியில விடுவிக்கிறான், பேதுரு இருட்டுல தெருவில நின்னு யோசிச்சு நேரா போற இடம் "மாற்கு என்னும் பேர்கொண்ட யோவானுடைய தாயாகிய மரியாள்" வீடு. அந்த நேரத்துல அங்க நிறைய பேர் கூடி ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க. தெருவாசக் கதவு இருக்கு, தட்டுனா ரோதைன்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு வந்து குரல கேட்டுட்டு, சந்தோஷத்துல கதவ திறக்கவே மறந்து உள்ள ஓடுறா, பேதுரு பாவம் வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருக்கார். இத வச்சே நமக்கு நிறைய புரியுது. வெளிவாசல் வச்ச வீடு, ஒரு கூட்டமே உக்கார இடம், வேலைக்கு ஆள், அப்பா பேர் எங்கயும் இல்ல, அம்மா பேர்லதான் வீடு. எருசலேம்ல வசதியான குடும்பம். அப்போஸ்தலர்கள் வந்து போற வீட்ல வளர்ந்த பிள்ளைதான் மாற்கு. யோவான்ங்கறது எபிரெய பேர், மாற்குங்கறது ரோமப் பேர், அந்தக் காலத்துல இப்படி ரெண்டு பேர் வச்சுக்கிறது சகஜம்.

பர்னபா இவருக்குச் சொந்தம். கொலோசெயர் 4:10ல பவுலே அத சொல்றார். நம்ம பழைய மொழிபெயர்ப்புல "இனத்தான்"னு பொதுவா போட்ருப்பாங்க, கிரேக்கத்துல உள்ள வார்த்தைக்கு பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளை எல்லாமே அடங்கும். நமக்கு அண்ணனா அத்தானான்னு தெரிஞ்சாத்தான் உறவு விளங்கும், அவங்க மொழியில அந்தப் பிரிவினையே கிடையாது.

சீப்புரு தீவு (சைப்ரஸ்) பர்னபாவோட சொந்த ஊர். முதல் பிரயாணத்துல அங்க சாலமிலருந்து பாப்போ வரைக்கும் மூணு பேரும் போறாங்க, மாற்கு உதவிக்காரனா கூட இருக்கார். அப்புறம் கப்பலேறி பம்பிலியா நாட்டு பெர்கேக்கு வந்தவுடனே இவர் திரும்பிடுறார். ஏன்னு அப்போஸ்தலர் நடபடிகள் எழுதின லூக்கா ஒரு வார்த்தை எழுதல. ஆனா மேப்ப எடுத்து பாருங்க, பெர்கேலருந்து அடுத்து அவங்க போன பிசீதியா அந்தியோகியாவுக்கு தாரஸ் மலைய ஏறிக் கடக்கணும், கள்ளர் பயம் உள்ள மலைப்பாதை, இன்னைக்கு அது துருக்கில இருக்கு. சொந்தக்காரங்க இருக்கிற தீவுல ஊழியம் செய்றது ஒண்ணு, தெரியாத மலைநாட்டுக்குள்ள போறது வேற. இன்னொன்னும் கவனிங்க, கிளம்பும்போது "பர்னபாவும் சவுலும்"னு எழுதின லூக்கா, பாப்போவ விட்டு கிளம்பும்போது "பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்"னு மாத்தி எழுதுறார். தலைமை கை மாறின அதே இடத்துலதான் பர்னபாவோட சொந்தக்காரப் பையன் வீட்டுக்குத் திரும்புறான். எது காரணம்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ரெண்டுமே மனுஷனுக்கு வரக்கூடியதுதான்.

பிரிஞ்ச பிறகு பர்னபா மாற்குவ கூட்டிட்டு சீப்புருவுக்கே கப்பல் ஏறுறார், பவுல் சீலாவோட சீரியா பக்கம் போறார். அதுக்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகள்ல மாற்கு பேரே வராது. ஆனா கதை அங்க முடியல. பல வருஷம் கழிச்சு பவுல் காவல்ல இருந்து எழுதுற பிலேமோன் கடிதத்துல 24ம் வசனத்துல "என் உடன்வேலையாட்கள்"னு சொல்லி போடுற பட்டியல்ல முதல் பேர் மாற்கு. கொலோசெயர்ல, அவர் உங்ககிட்ட வந்தா ஏத்துக்கோங்கன்னு சிபாரிசே பண்றார். கடைசியா 2 தீமோத்தேயு 4, அதுல 10, 11 ரெண்டு வசனத்தையும் சேர்த்து உங்க பிள்ளைங்கள வாசிக்கச் சொல்லுங்க. தேமா என்னை விட்டுப் பிரிஞ்சு போயிட்டான்னு வருத்தப்பட்டு எழுதிட்டு, அடுத்த மூச்சுல மாற்குவைக் கூட்டிட்டு வா, அவன் ஊழியத்துல எனக்குப் பிரயோஜனமுள்ளவன்ங்கிறார். எவன கூட கூட்டிட்டு போக மாட்டேன்னு பர்னபாவயே விட்டுப் பிரிஞ்சாரோ அதே ஆள கேட்டு ஆள் அனுப்புறார்.

---

கொய்னே_மாணவன்

வாத்தியார் ஐயா அருமையா சொல்லிட்டார். அக்கா, நீங்க கேட்ட "ஒரே ஆளா"ங்கற பாகத்துக்கு நான் கொஞ்சம் எழுதறேன், கிரேக்கம் படிச்சிட்டு இருக்கேன், மாற்குதான் நான் முழுசா கிரேக்கத்துல வாசிச்ச முதல் புஸ்தகம், அதனால எனக்கு இது ரொம்ப நெருக்கம்.

முதல்ல நேர்மையா ஒண்ண சொல்லிடணும், சுவிசேஷத்துக்குள்ள எழுதினவர் பேர் எங்கயும் இல்ல. "மாற்கு எழுதின"ங்கற தலைப்பு பிற்பாடு பிரதி எடுத்தவங்க போட்டது. மாற்குங்கறது ரோம உலகத்துல தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பேர். அதனால ஆராய்ச்சியாளர்கள்ல கணிசமான பேர் இத யார் எழுதினாங்கன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் சொல்றாங்க, 2 தீமோத்தேயு பவுலே எழுதினதான்னும் கேக்கறாங்க. ஆனா பிலேமோன் பவுல் எழுதினதுங்கறதுல பெரிய சண்டையே கிடையாது, அதனால மாற்குன்னு ஒரு உடன்வேலையாள் பவுல் காவல்ல இருந்தப்ப அவர் பக்கத்துல இருந்தார்ங்கறது உறுதியான விஷயம்.

இப்ப மாற்குதான் எழுதினார்ங்கற பக்கம் உள்ள சாட்சி. எராப்போலி ஊர் பிஷப் பப்பியாஸ், இரண்டாம் நூற்றாண்டு தொடக்கத்துல எழுதினவர். அவர் புஸ்தகம் அழிஞ்சு போச்சு, ஆனா அவர் சொன்னத நாலாம் நூற்றாண்டுல சபை வரலாறு எழுதின யூசேபியஸ் எடுத்து வச்சிருக்கார். அதோட சாரம் என்னன்னா, மாற்கு பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தார், ஞாபகத்துல இருந்தத கவனமா எழுதினார், ஆனா நடந்த வரிசைப்படி எழுதல, அவர் ஆண்டவர நேர்ல கேட்டவரும் இல்ல பின்னால போனவரும் இல்ல, பேதுரு ஜனங்களுக்குத் தேவைப்பட்டபடி போதிச்சத கேட்டவர், கேட்டதுல எதையும் விட்றக் கூடாது பொய்யா எதையும் சேர்க்கக் கூடாதுங்கறதுல மட்டும் கருத்தா இருந்தார். கிட்டத்தட்ட 180 வாக்கில இன்னொரு பிஷப் இரேனியுவும் அதேதான் சொல்றார். 1 பேதுரு 5:13ல "என் குமாரனாகிய மாற்கு"ன்னு வர்றதும் இதோட ஒத்துப்போகுது.

எனக்கு இதுல மனசுல பட்டது என்னன்னா, ஒரு புஸ்தகத்துக்கு மரியாதை வேணும்னு பொய்யா பேர் வைக்கறதா இருந்தா நேரா பேதுரு சுவிசேஷம்னு வச்சிருக்கலாமே, அந்தப் பேர்ல ஒண்ணு பிற்பாடு எழுதவும் எழுதினாங்க. பவுலே வேண்டாம்னு சொன்ன, பெர்கேல திரும்பிப் போன ஒருத்தர் பேர ஏன் வைக்கணும்? அந்தப் பேர் உண்மையிலயே அதோட ஒட்டிக்கிட்டு இருந்திருந்தாதான் அப்படி நிலைச்சிருக்கும்னு நான் நம்பறேன்.

உள்ள வாசிச்சா யாருக்காக எழுதினதுன்னும் தெரியும். யூதங்க கைகழுவற முறைய 7ம் அதிகாரத்துல நின்னு விளக்கறார், அப்ப கேக்கறவங்க யூதங்க இல்ல. தலீத்தாகூமி, எப்பத்தா, அப்பா, எலோயீ எலோயீன்னு இயேசு பேசின அரமேயிக் வார்த்தைய அப்படியே வச்சிட்டு பக்கத்துலயே அர்த்தம் சொல்றார், ஒரு மொழிபெயர்ப்பாளரோட பழக்கம் இது. லத்தீன் வார்த்தைங்க நிறைய வருது, லேகியோன், நூற்றுக்கு அதிபதிக்கு லத்தீன்ல உள்ள சொல், பிரேத்தோரியம். விதவையோட காணிக்கைய பாருங்க, ரெண்டு சின்ன காசு போட்டாள்னு சொல்லிட்டு அது ஒரு குவாத்ரன்ஸ்னு ரோம நாணயத்துக்கு மாத்தி சொல்றார், அங்க புழங்கறவங்களுக்குப் புரியணுமே. நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்புல அந்த இடத்துல "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசை"ன்னு இருக்கும். துட்டுங்கறது டச்சுக்காரன் நாணயத்து பேர், இங்க புழக்கத்துக்கு வந்து நம்ம வார்த்தையாவே ஆயிடுச்சு. மாற்கு தன் ஜனங்களுக்கு செஞ்சதையே தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் நமக்கு செஞ்சிருக்காங்க, முதல் தடவ இத கவனிச்சப்ப எனக்கு கண்ணே கலங்கிடுச்சு.

காலம், 65லருந்து 75க்குள்ளன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க, எருசலேம் தேவாலயம் இடிஞ்ச 70ம் வருஷத்துக்கு முந்தியா பிந்தியாங்கறதுதான் சண்டை. நாலுல இதுதான் முதல்ல எழுதினதுன்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க, மத்தேயு இதுல பத்துல ஒன்பது பங்க எடுத்து கையாண்டிருக்கார், லூக்கா பாதிக்கு மேல. அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க அக்கா, அந்தப் பாதில வந்தவர் எழுதலன்னா மத்த ரெண்டும் இப்ப இருக்கிற மாதிரி இருந்திருக்காதுன்னு.

---

நெல்லை_சண்டேஸ்கூல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து மூணு தடவ வாசிச்சேன். வாத்தியார் ஐயா சொன்ன 10, 11 வசனத்த இத்தன வருஷமா தனித்தனியாத்தான் வாசிச்சிருக்கேன்.

அந்தப் பையனப் பத்தி சொல்றேன்னேன்ல. அவன போன வருஷம் வெளியூர்ல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்தாங்க. அவங்க வீட்டுக்கு அது பெரிய செலவு. நாலே மாசத்துல திரும்பி வந்துட்டான். அதுலருந்து சர்ச்ல யாரு பாத்தாலும் "என்ன தம்பி பாதில வந்துட்டியாமே"தான், கேக்கறவங்களுக்கு அது ஒரு வார்த்தை, அவன் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்குறத நான் பாக்கேன். அவன் "பாதில வந்துட்டவர்"னு கேட்டப்ப வேற யாருக்கும் புரியல, எனக்குப் புரிஞ்சுது.

இன்னொன்னு தம்பி, மாற்கு 14ம் அதிகாரத்துல, இயேசுவ பிடிச்ச ராத்திரி துப்பட்டிய விட்டுட்டு ஓடிப்போன வாலிபன் மாற்குதான்னு ஒரு பிரசங்கத்துல கேட்டிருக்கேன். அது நிஜமா?

---

கொய்னே_மாணவன்

அக்கா அந்த விவரம் படிச்சு மனசு என்னமோ பண்ணுச்சு. அவனுக்காக நல்லாவே தேடுவோம்.

துப்பட்டி வாலிபன் மாற்குதான்னு வேதம் சொல்லல, அது ஒரு ஊகம். ஊகத்துக்கு காரணம் இருக்கு, இந்த ரெண்டு வசனம் மாற்குல மட்டும்தான் வருது, மத்தேயுவும் லூக்காவும் விட்டுட்டாங்க, கதைக்கு அது தேவையே இல்லாத மாதிரி இருக்கு, அதனால எழுதினவர் ஓரமா தன்னையே வரைஞ்சு வச்சிருக்கார்னு சொல்றாங்க. ஆனா பப்பியாஸ் சொன்னத நம்பினா மாற்கு ஆண்டவர நேர்ல கேட்டவரே இல்ல, அப்ப இது இடிக்குது. நான் கிளாஸ்ல இத உண்மைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஓட்டம்ங்கறது இந்தப் புஸ்தகம் முழுக்க இருக்கு அக்கா, அத உறுதியா சொல்லலாம். கெத்செமனேல எல்லாரும் விட்டுட்டு ஓடறாங்க, அந்த வாலிபன் துணிய விட்டுட்டு ஓடறான், பேதுரு பிரதான ஆசாரியன் வீட்டு வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி கேட்டதுக்கே மறுதலிக்கறார். கடைசியில கல்லறைக்கு வந்த பெண்களும் பயந்து ஓடறாங்க, "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்"னு 16:8ல நிக்குது. நாலாம் நூற்றாண்டு பெரிய கையெழுத்துப் பிரதிங்க ரெண்டு, சினாய் பிரதியும் வத்திக்கான் பிரதியும், அந்த வசனத்தோடயே முடிஞ்சிடும். நாம வாசிக்கற 9லருந்து 20 வரைக்கும் பழங்காலத்துலயே சேர்ந்ததுதான், இரேனியுவுக்கே தெரிஞ்சிருக்கு, ஆனா நடை வேற.

ஆனா அந்த 8ம் வசனத்துக்கு முந்தின வசனத்த விட்டுடாதீங்க. கல்லறையில இருந்த வெள்ளை அங்கிக்காரன் பெண்கள்கிட்ட சொல்றான், அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்ச் சொல்லுங்கன்னு. மத்தேயுல வெறும் சீஷருக்குன்னுதான் இருக்கும். பேதுரு பேர தனியா எடுத்துச் சொல்றது மாற்குல மட்டும்தான். மறுதலிச்சவனையும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. பேதுருகிட்ட கேட்டு எழுதினார்ங்கறத நான் நம்பறதுக்கு இந்த ஒரு வார்த்தையும் காரணம். கப்பல்ல இயேசு தலையணை வச்சு தூங்கினது, அஞ்சாயிரம் பேர் உக்காந்தது பசும்புல்லு, இதெல்லாமும் அப்படித்தான், கண்ணால பாத்த ஒருத்தர் வாய்ல கேட்ட மாதிரி இருக்கும்.

---

அலெக்ஸாந்திரியா_நாட்கள்

எகிப்து பத்தி நான் சொல்றேன் சகோதரி. வேலை விஷயமா ரெண்டு வருஷம் அலெக்ஸாந்திரியால இருந்தேன், கூட வேலை பார்த்தவர் ஒரு காப்டிக் கிறிஸ்தவர் (எகிப்தோட பழைய சபையச் சேர்ந்தவர்), அவரோட அவங்க கதீட்ரலுக்கு போவேன். அவங்களுக்கு மாற்கு ஒரு புஸ்தகம் எழுதினவர் மட்டும் இல்ல, அவங்க குடும்பத்து முதல் ஆள். இன்னைக்கு இருக்கிற அவங்க போப் இரண்டாம் தவாத்ரோஸ் 118வது, அந்த எண்ணிக்கை மாற்குலருந்து ஆரம்பிக்குது. 2012ல அவர தேர்ந்தெடுத்தப்ப கடைசி மூணு பேர் பேர சீட்டு எழுதிப் போட்டு ஒரு சின்னப் பையன் கண்ணக் கட்டி எடுக்க வச்சாங்க, அப்போஸ்தலர் 1ல சீட்டுப் போட்ட மாதிரியே.

அவங்க சொல்ற கதை இது. மாற்கு அலெக்ஸாந்திரியாவுக்குள்ள நடந்து வரும்போது செருப்பு வார் அறுந்து போச்சு, அனியானுன்னு ஒரு செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுக்கறார், தைக்கும்போது ஊசி அவர் கையில ஏறிடுச்சு, வலில "கடவுள் ஒருவரே"ன்னு கத்திட்டார். மாற்கு மண்ண எச்சில்ல குழைச்சு காயத்துல பூசினார், கை சரியாச்சு, நீ கூப்பிட்ட அந்த ஒருவர் யார்னு தெரியுமான்னு பேச ஆரம்பிச்சார். அந்த அனியானுதான் மாற்குவுக்கு அடுத்த பிஷப். என் நண்பர் இத சொல்லும்போது தன் உள்ளங்கைய விரிச்சு ஊசி ஏறின இடத்த விரலால தொட்டுக் காட்டுவார், நேத்து பக்கத்து கடையில நடந்த மாதிரி.

கி.பி. 68ல ஈஸ்டர் நாள்ல செராபிஸ் தெய்வத்தோட திருவிழாவும் சேர்ந்து வந்ததாகவும், கூட்டம் மாற்குவ பிடிச்சு கழுத்துல கயிறு போட்டு தெருத்தெருவா இழுத்துட்டுப் போய் கொன்னதாகவும் அவங்க பாரம்பரியம்.

நீங்க பிரிச்சு சொல்லச் சொன்னீங்க, அதனால சொல்றேன். இந்த எகிப்து விஷயம் வேதத்துல இல்ல. மாற்கு எகிப்துக்கு போனார்னு யூசேபியஸ்தான் எழுதறார், அவரும் "சொல்கிறார்கள்"னுதான் எழுதறார். அலெக்ஸாந்திரியாலயே இருந்து நிறைய எழுதின கிளெமெந்து, மாற்கு பேதுருவோட ரோம்ல இருந்து எழுதினத சொல்றார். அதனால பாரம்பரியம்னு சொல்லுங்க, சரித்திரத்துல நிரூபிச்சதுன்னு சொல்லாதீங்க. ஆனா சும்மா கதைன்னும் தள்ளிடாதீங்க, இந்தப் பேர பிடிச்சிட்டு பத்தொன்பது நூற்றாண்டு ஒரு ஜனம் நின்னிருக்கு. 2017 குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு இந்தக் கதீட்ரல் வாசல்லதான் குண்டு வெடிச்சது, போப் அன்னைக்கு உள்ள ஆராதனை நடத்தினார். அடுத்த வாரம் ஈஸ்டருக்கு ஜனங்க திரும்பவும் வந்தாங்க. என் நண்பரும் போனார்.

---

பலெர்மோ_யாழ்

நான் யாழ்ப்பாணம், இப்ப இத்தாலியில பலெர்மோவில இருக்கிறன். நாங்கள் கத்தோலிக்கர், பேதுருவ எங்கட அம்மம்மா இராயப்பர் எண்டுதான் சொல்லுவா. வெனிசுக்கு ரெண்டு தரம் போனனாங்கள், அதால அந்தப் பகுதிய நான் எழுதிறன்.

828ம் ஆண்டு வெனிஸ் வியாபாரிகள் ரெண்டு பேர், மலமோக்கோ ஊர் புவோனோ, தொர்செல்லோ ஊர் ருஸ்திக்கோ, அலெக்ஸாந்திரியாவில இருந்து மாற்குவின்ர உடல எடுத்துக்கொண்டு வந்தவை எண்டுதான் வெனிஸ்காரர் சொல்லுவினம். சோதனை போடுற முஸ்லிம் அதிகாரிகள் கிட்ட வராம இருக்க கூடைக்கு மேல பன்றி இறைச்சிய அடுக்கினவையாம். கோவிலுக்குள்ள அந்தக் காட்சிய மொசைக்கிலயே செய்து வச்சிருக்கினம், அதிகாரிகள் முகத்தத் திருப்பிக்கொண்டு நிக்கினம். இத அவை களவு எண்டு நினைக்கேல்ல, புனிதர் தங்களட்ட வர விரும்பினவர் எண்டு சொல்லுவினம். என்ர மனுசன் அதப் பாத்திட்டு கனநேரம் பேசாம நிண்டவர். பிறகு, "அங்க இருந்த சனத்துக்கு எப்பிடி இருந்திருக்கும்" எண்டு கேட்டார். அலெக்ஸாந்திரியா அண்ணா எழுதினத வாசிக்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதுக்கு முதல் வெனிசுக்குப் பாதுகாவலர் புனித தியோடோர். மாற்கு வந்தாப்பிறகு நகரமே மாற்குவின்ர நகரமாப் போச்சு. முதல் கோவில் 976ல ஒரு கலவரத்தில எரிஞ்சு சேதமாப் போனது, இப்ப இருக்கிற பேராலயம் 1063 அளவில கட்டத் தொடங்கி 1094ல அபிசேகம் செய்தது. வாசலில இடப்பக்கக் கடைசிக் கதவுக்கு மேல இருக்கிற மொசைக் மட்டும்தான் 13ம் நூற்றாண்டு, மற்றது எல்லாம் பிறகு மாத்தினது. அதில உடல கோவிலுக்குள்ள கொண்டுபோறதத்தான் காட்டியிருக்கு, வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு.

சிங்கம் பத்திக் கேட்டனீங்கள். எசேக்கியேலிலயும் வெளிப்படுத்தலிலயும் வாற நாலு உயிரினத்தையும் நாலு நற்செய்தியாளருக்குப் பங்கிட்டவை. மாற்கு நற்செய்தி வனாந்தரத்தில கூப்பிடுற குரலோட தொடங்குது, அது சிங்கம் கர்ச்சிக்கிற மாதிரி எண்டு புனித ஜெரோம் விளக்கம் சொன்னவர். வெனிஸ்காரர் அதுக்கு செட்டை வச்ச சிங்கமா எல்லா இடமும் செதுக்கிப்போட்டினம், கையில விரிச்ச புத்தகம், "என் நற்செய்தியாளனே மாற்கு, உனக்குச் சமாதானம்" எண்டு லத்தீனில.

ஒண்டு சொல்லவேணும், 1968 ஜூன் மாதம் பாப்பரசர் ஆறாம் பவுல் அந்த திருப்பண்டத்தில ஒரு பகுதிய காப்டிக் திருச்சபைக்குத் திருப்பிக் குடுத்தவர். கெய்ரோவில அவையின்ர புதுப் பேராலயம் அந்த நாளையிலதான் திறந்தது. ஆயிரத்து நூற்று நாப்பது வருசத்துக்குப் பிறகு திரும்பிப் போனது. ஏப்ரல் 25 எங்களுக்கு அவற்ற திருவிழா.

---

நெல்லை_சண்டேஸ்கூல்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து கிளாஸ் முடிஞ்சுது, என்ன நடந்துச்சின்னு சொல்லணும்ல.

மேப்ப போர்டுல ஒட்டினேன். எருசலேம், சீப்புரு, பெர்கே, ரோம் வரைக்கும் வேதத்துல உள்ளதுக்கு ஊதா நூல், அலெக்ஸாந்திரியாவுக்கும் வெனிசுக்கும் வேற கலர் நூல், இது பாரம்பரியம்னு சொல்லிட்டேன். பெர்கேல குண்டூசிய அந்தப் பையன் கைல குடுத்து குத்தச் சொன்னேன், ஏன் குடுத்தேன்னு சொல்லல. அப்புறம் 2 தீமோத்தேயு 4 எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். 11ம் வசனத்துல "பிரயோஜனமுள்ளவன்"ங்கிற வார்த்தை நீளமா இருக்கா, முதல் தடவ தட்டிட்டு மறுபடி முதல்லருந்து வாசிச்சான். நானும் ஒண்ணும் விளக்கல, வாசிச்சிட்டு அவன் உக்காந்துட்டான்.

கிளாஸ் முடிஞ்சி எல்லாரும் போன பிறகு வந்து நின்னான். நான் வேற என்னமோ கேப்பான்னு நெனச்சேன். "டீச்சர், அந்த கதவ திறக்காம ஓடின ரோதை, வேலைக்காரப் பொண்ணுதானே, அவ பேரு லூக்காவுக்கு எப்படித் தெரியும், அவரு அன்னைக்கு அங்க இல்லல்ல?"ன்னு கேக்கான். எனக்குத் தெரியலடா, கேட்டு சொல்றேன்னு சொல்லிருக்கேன். வாத்தியார் ஐயா, இதுக்கு பதில் இருக்கா?

---

பழைய_வாத்தியார்

இவன் சாதாரண பையன் இல்ல அம்மா.

லூக்கா யார்கிட்ட கேட்டார்னு வேதத்துல நேரா எழுதல. ஆனா அவன பிலேமோன் 24 திருப்பி எடுக்கச் சொல்லுங்க, இப்ப அந்த வசனத்த முழுசா வாசிக்கச் சொல்லுங்க. மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. நாலு பேரும் ஒரே காலத்துல பவுல் பக்கத்துல இருக்காங்க. கொலோசெயர் 4லயும் 10ல மாற்கு, 14ல லூக்கா. சுவிசேஷம் எழுதின ரெண்டு பேர் ஒண்ணா இருந்திருக்காங்க, ஒருத்தர் ரோதை கதவ திறக்க மறந்து ஓடின அந்த வீட்டுப் பிள்ளை.

அப்புறம் இதையும் அவன்கிட்ட சொல்லுங்க. பெர்கேல நடந்ததையும் லூக்கா அங்க இருந்து பார்க்கல, அந்தப் பிரயாணத்துல அவர் இல்ல. யாரோ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கணும். பவுலும் சொல்லியிருக்கலாம், ஆனா பக்கத்துலயே உக்காந்திருந்த மாற்குவே சொல்லியிருக்கவும் இடம் இருக்கு.